நடுவில் பதினோரு படங்கள்

இதை எழுதுவதற்கு மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அதை ஏன் முதல் வரியிலேயே சொல்லித் தொலைக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. வயது முப்பத்தெட்டு. எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற அறையில் குடியிருக்கிறார். வேலையும் நடுவில்தான். கார்ட்டூன் தொடர் எடுக்கும் கம்பெனியில் நடுப்படம் வரைகிறார். ஒருவன் மேஜையிலிருந்து டீயை எடுத்துக் குடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கிளாஸைத் தொடுவது ஒரு படம், கிளாஸ் உதட்டில் இருப்பது இன்னொரு படம். இந்த இரண்டையும் பெரிய ஓவியர் வரைந்து கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போய்விடுவார். மேஜையிலிருந்து உதடு வரைக்கும் கை போய்ச் சேர வேண்டுமே, அந்த வழி முழுக்க மாமா. ஒரு மடக்கு டீ வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் மாமாவின் நிஜ டீ ஆறிப்போயிருக்கும். கம்பெனியில் அவரை ‘நடுவர்’ என்று கூப்பிடுவார்கள். எந்தச் சண்டையையும் அவர் தீர்த்துவைத்ததாக வரலாறு இல்லை.

நானும் அதே கம்பெனிதான். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். எங்கள் தொடரில் ஒரு குடும்பம் வரும்: அப்பா, அம்மா, அக்கா, பத்து வயதில் வாலில்லாத குரங்கு போல ஒரு தம்பி. அந்தத் தம்பியின் குரல் நான். பதினாறு வயதுப் பெண்ணின் தொண்டையில் பத்து வயதுப் பையன் குடியிருப்பது இந்தத் தொழிலில் அதிசயமில்லை. நிஜப் பையனை வைத்தால் தொடர் முடிவதற்குள் அவன் குரல் உடைந்துவிடும். இந்தத் தொண்டையை நான் வெளியிலும் உபயோகப்படுத்தியிருக்கிறேன். எதிர்வீட்டு மாமி குரலில் அவர் கணவருக்கே போன் போட்டு, மூன்று கிலோ வெங்காயம் வாங்கிவரச் சொன்னது நான்தான். அவர் வாங்கியும் வந்தார். அந்த வீட்டில் ஒரு வாரம் வெங்காயமே குழம்பு.

மாமாவுக்கு என்னைப் போல வாய் கிடையாது. பேச வேண்டிய இடத்தில் வரைந்துவிடுவார். அதில்தான் அவருக்குக் கல்யாணம் தள்ளிப் போனது என்று அம்மா சொல்வாள். அம்மாவும் அப்பாவும் அவரை ஏழு வீடுகளுக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஏழும் போன வழியே திரும்பி வந்தன. ஒரு வீட்டில் சம்பளம் பிடிக்கவில்லை, ஒரு வீட்டில் தலை பிடிக்கவில்லை. மாமாவுக்கு இருபத்தொன்பதிலேயே உச்சி வழுக்கையாகிவிட்டது.

மூன்றாவது வீட்டில் நடந்ததுதான் விஷயம். பெண் தயாராக நேரமாகும் என்று முன்னறையில் உட்கார வைத்தார்கள். எதிரில் பெண்ணின் அப்பா. பேச ஆரம்பித்தவர், பேச்சின் நடுவிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்கி வழிய ஆரம்பித்தார். மாமாவுக்குக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த குட்டி நோட்டின் மூலையில் அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதை இருபத்து நாலு படமாக வரைந்துவிட்டார். பெரியவர் திடுக்கென்று விழித்து, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார். சொன்னால் புரியாது என்று மாமா நோட்டை நீட்டி, மூலையைக் கட்டைவிரலால் விர்ரென்று புரட்டிக் காட்டினார். தன் தலையே விழுந்து, தன் வாயே பிளப்பதைப் பெரியவர் பார்த்தார். டீ வரவில்லை. வாசல்தான் வந்தது.

இதுவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதை மாமா எனக்கு மட்டும் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "பொண்ணு அழகா மாமா?" என்று நோண்டியதற்குச் சொன்னார்: "மூஞ்சியைப் பார்க்கல. திரைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தா. நான் நோட்டைப் புரட்டினப்ப அங்கேர்ந்து ஒரு சிரிப்பு. அடக்க முடியாம பீறிட்டு வந்த சிரிப்பு. நான் வரைஞ்சதைப் பார்த்து நான் இருக்கிற ரூம்லயே ஒருத்தர் சிரிச்சது அன்னிக்குத்தான். யார்கிட்டயும் சொல்லாதே."

நாலு வருஷம் சொல்லாமல்தான் இருந்தேன்.

இந்த வருஷம் எங்கள் தொடரில் கல்யாண எபிசோடு வந்தது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கதைக்காரர் நல்ல மனுஷன். ஆனால் அவருக்குக் காதலித்துக் கல்யாணம், பெண் பார்க்கப் போனதே இல்லை. "நிஜத்துல நடந்த ஒரு கூத்து வேணும். யார் சொல்றாங்களோ அவங்க கேரக்டருக்கு நாலு வரி கூட எழுதறேன்" என்றார். நாலு வரி! அதுவரை எனக்கு ஒரு எபிசோடுக்கு ஏழு வரிதான். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று ஆரம்பித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருத்தர் சிரிக்கிறார் என்றால் எனக்கு பிரேக் பிடிக்காது. நோட்டைச் சொன்னேன், வாய் பிளந்ததைச் சொன்னேன், திரையையும் சொன்னேன், சிரிப்பையும் சொல்லிவிட்டேன்.

கதைக்காரர் அதைத் தன் பங்குக்கு மெருகேற்றினார். அவர் எழுதியதில் பெண் நோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விரலை நீட்டி, "அந்த மண்டையைப் பாருடா!" என்று மாப்பிள்ளையின் வழுக்கையைப் பார்த்துச் சிரிக்கிறாள். உடனே தம்பி, அதாவது நான், "நம்ம வீட்டு பல்பை விடப் பிரகாசமா இருக்கே!" என்கிறேன். எங்கள் தொழிலில் முதலில் குரல், அப்புறம்தான் படம். அந்த வரியைப் பதிவு செய்தபோது எனக்கு மாமா ஞாபகமே வரவில்லை. நாலு வரி கிடைத்த குஷியில் மூன்று விதமாகப் பேசிக் காட்டினேன். மூன்றாவது ரொம்ப நன்றாக வந்தது.

ஆறு வாரம் கழித்து, எபிசோடு டிவிக்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது. சுவரில் அன்றைய பட்டியல் ஒட்டியிருந்தது. ஷாட் ஐம்பத்தெட்டு முதல் அறுபத்திரண்டு வரை: நடுவர். அறுபத்திரண்டுதான் அந்தச் சிரிப்பு.

நடுப்படம் வரைபவர்களுக்கு முழுக் கதையைத் தர மாட்டார்கள். ஷாட் நம்பரும், இரண்டு பெரிய படமும், அதற்கான சத்தமும் மட்டும் வரும். மாமாவுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அவர் ஐம்பத்தெட்டில் இருந்தார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஷாட்.

"பாருடி வாலு, இவனும் என் கட்சிதான்" என்று திரையில் இருந்த வழுக்கை மாப்பிள்ளையைக் காட்டிச் சிரித்தார்.

ஐம்பத்தொன்பது. மாப்பிள்ளை உட்காருகிறான். நான் அடுத்த மேஜையில் வரைகிற அக்காவைத் தேடினேன், அறுபத்திரண்டை அவள் தலையில் கட்டலாம் என்று. காய்ச்சல், லீவு.

அறுபது. பெண்ணின் அப்பா தூங்குகிறார். மாமா பேனாவை நிறுத்தித் திரையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "இது மாதிரி ஒண்ணு எனக்கும் நடந்திருக்கு, தெரியுமில்ல?" என்றார். "பெண் பார்க்கப் போற இடத்துல எல்லா அப்பாவும் தூங்குவாங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ டப்பிங் பேசுவது போல இருந்தது.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி என் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். சத்தமில்லாமல் படத்தை மட்டும் வரைந்து முடித்துவிடட்டும் என்று ஒரு நப்பாசை. திரும்பி வந்தவர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மௌனப் படமா எடுக்கறோம்?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன்.

அறுபத்தொன்று. மாப்பிள்ளை குட்டி நோட்டை எடுத்து மூலையைப் புரட்டுகிறான். மாமா சிரிப்பதை நிறுத்தினார். அந்த ஷாட்டை வரைந்து முடித்தார். பதினொன்றரைக்கு அறுபத்திரண்டைத் திறந்தார்.

நான் பின்னால் நின்றேன். ஹெட்போனில் என்ன கேட்கிறது என்று எனக்குக் கேட்காது. ஆனால் எந்த நொடியில் எது வரும் என்று தெரியும். சிரிப்பு. மண்டை. பல்பு. அவர் முதுகு அசையவில்லை. திரும்ப ஒருமுறை ஓட்டினார். மூன்றாவது முறையும். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரை அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு, மாடிப்படி ஏறிப் போனார். கத்தியிருந்தால் தேவலை. அந்த ஒயரைச் சுருட்டிய நிதானம்தான் என்னைக் கொன்றது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"என் பேரைச் சொன்னியா?"

"இல்ல மாமா. தெரிஞ்ச ஒருத்தர்னுதான்..."

"தெரிஞ்ச ஒருத்தர்" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மண்டைன்னது பரவால்ல. கண்ணாடி தினமும் சொல்றதுதான். பல்புன்னதும் பரவால்ல. ஏழு வீட்டுக் கதையையும் வச்சு நீங்க ஏழு எபிசோடு எடுத்துக்கோங்க. அந்தச் சிரிப்பை மட்டும் ஏண்டி கொடுத்தே?"

"தெரியல மாமா."

"நான் வரைஞ்சதைப் பார்த்துத்தான் அவ சிரிச்சான்னு நாலு வருஷமா நினைச்சுட்டிருக்கேன். இப்ப அந்த ஹெட்போன்ல கேட்டதும் எனக்கே சந்தேகமா இருக்கு. கதைக்காரர் எழுதினதுதான் நிஜமோ என்னமோ. நான்தான் மூஞ்சியைப் பார்க்கலியே."

"இல்ல மாமா! அவ படத்தைப் பார்த்துத்தான் சிரிச்சா."

"நீ பார்த்தியா?"

ஊரையே குரல் மாற்றி ஏமாற்றின எனக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு குரலும் கிடைக்கவில்லை.

"நான் அதை வரையல" என்றார். "என் கையால அவளை அப்படி வரைய மாட்டேன். உங்க கடிகாரத்துக்கிட்ட சொல்லிடு."

கடிகாரம் என்பது எங்கள் டைரக்டர் அம்மா. மணி சொல்லாமல் அவர் வாக்கியம் முடியாது. மூன்று மணிக்குள் எபிசோடு போய்ச் சேராவிட்டால் டிவிக்காரர்கள் பழைய எபிசோடைப் போட்டுவிடுவார்கள். இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது. மூன்றாவது முறை ஆனால் தொடரே கிடையாது என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

கீழே வந்து, கடிகாரமும் கதைக்காரரும் எடிட் பண்ணுகிறவரும் நின்ற இடத்தில், நானே எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்லக் கதைக்காரர் முகம் சுருங்கியது. "நம்ம நடுவரா? ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே!"

"மணி பன்னிரண்டு அஞ்சு" என்றார் கடிகாரம். "பாவ புண்ணியமெல்லாம் மூணு மணிக்கு மேல. அவர் வரையலேன்னா மெஷினை விட்டு நடுவை நிரப்புங்க."

எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வசதி உண்டு. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கொடுத்தால் நடுவை அதுவே போட்டுவிடும். எடிட்டர் பட்டனைத் தட்டினார். கம்ப்யூட்டரில் பெண் திரைச்சீலையை விலக்கினாள், கண்ணைத் திருப்பினாள், விரலை நீட்டிச் சிரித்தாள். எல்லாம் ஒரே வேகம். எண்ணெயில் விட்டது போல அவள் பார்வை வழுக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் மண்டையில் நின்றது.

"போதும், இதையே வை" என்றார் கடிகாரம்.

"கண்ணு வழுக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மாமா. தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா. வீட்டுக்குக் கிளம்பியவர். திரையை விட்டுக் கண் எடுக்காமல் நின்றார்.

"இது சிரிக்கிற பொண்ணு இல்ல. காத்தாடி மாதிரி திரும்புது." பையை இறக்கி வைத்தார். "பெரிய படம் ரெண்டையும் நான் தொட மாட்டேன். அது பெரிய ஓவியர் வரைஞ்சது. நடுவில பதினொண்ணு இருக்கு. அது என்னோடது. அதை மெஷினுக்குத் தர முடியாது."

"பதினொண்ணை வச்சு என்ன செய்வீங்க? முடிவு விரலை நீட்டிச் சிரிக்கிறதுதானே?"

"விரல் எதைக் காட்டுது? பாருங்க." திரையருகே போய் நகத்தால் தொட்டார். மாப்பிள்ளை நோட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். தலையும் நோட்டும் ஒரே கோட்டில் இருந்தன. "கண்ணு முதல்ல நோட்டுல போய் உட்காரட்டும். அஞ்சு படம் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் தூங்கற அப்பாவைப் பார்க்கட்டும். மறுபடி நோட்டு. அப்புறம் விரல் எங்க நீண்டாலும் அது நோட்டுதான்."

கடிகாரம் மணியைக்கூடச் சொல்லவில்லை.

"‘மண்டையைப் பாருடா’வை நான் எடுத்துடறேன்" என்றார் கதைக்காரர் அவசரமாக. "வெறும் சிரிப்பு போதும்."

"அப்ப இவ வரி?" என்று கடிகாரம் என்னைக் காட்டினார். "பையனோட வாய் போன வாரமே வரைஞ்சாச்சு. பல்புன்னு வாயசைச்சுட்டு இருக்கான். அதை மாத்த நேரம் இல்ல."

"வாயை மாத்த வேண்டாம். வார்த்தையை மாத்தறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எந்த வார்த்தை என்று தெரியாது. எங்கள் பதிவு அறை என்பது ஒரு பழைய சாமான் அறை. சுவரெல்லாம் போர்வை, நடுவில் மைக். எதிரே குட்டித் திரையில் பையன் வாயசைக்கிறான். அவன் உதடு மூடும் இடத்தில் என் உதடும் மூட வேண்டும், அவன் வாய் திறக்கும் இடத்தில் நானும் திறக்க வேண்டும், அவனோடு ஆரம்பித்து அவனோடு முடிக்க வேண்டும். ஒரு வரி நீளமாகப் போனது. ஒரு வரி நொண்டியது. ஒன்று பொருந்தியது, ஆனால் அதில் சிரிப்பே இல்லை. கண்ணாடி வழியாக மாமாவின் முதுகு தெரிந்தது. ஒரு படம் வரைவார், புரட்டிப் பார்ப்பார், அழிப்பார். என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை மணிக்கு மூன்றாவது படத்தில் இருந்தார். இரண்டு மணிக்கும் மூன்றாவதில்தான் இருந்தார். கடிகாரம் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அந்தக் கடங்கார வாய் பதினேழாவது தடவை ஓடியபோது எனக்கு அது கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில், அந்தத் திரைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு தம்பி நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பான்?

"நம்ம வீட்டு அப்பா வாயப் பொளந்ததப் பாரு இங்கே!"

முதல் இடத்தில் மட்டும் உதடு அரை மூச்சு ஏமாற்றியது. மீதியெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒரே டேக். எந்த மெருகும் போடவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மாமா பேனாவை வைத்தார். எடிட்டர் ஓட்டினார். பெண் திரையை விலக்குகிறாள். அவள் கண் நோட்டுக்குப் போகிறது. அங்கேயே நிற்கிறது, என்ன இது என்று. அப்பாவைப் பார்க்கிறது. திரும்ப நோட்டு. உதடு இறுகுகிறது, கன்னம் உப்புகிறது, தோள் ஒரு தடவை குலுங்குகிறது. இனி முடியாது என்று சிரிப்பு பீறிட்டு, விரல் தானாக நீளுகிறது. பெரிய ஓவியரின் அதே கடைசிப் படம். அதே விரல். கேலி எங்கே போனது என்று தெரியவில்லை.

எடிட்டர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், அந்தப் பெண் போலவே, சிரித்துவிட்டார்.

மாமா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். "எதைப் பார்த்துச் சிரிச்சீங்க?"

"நோட்டைத்தான் சார். அந்தப் பெரியவர் வாயைப் பொளக்கிறது..."

"சரி" என்றார் மாமா. அந்த ஒரு ‘சரி’யில் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் வெளியே வந்தது.

"மணி இரண்டு நாற்பத்தி மூணு" என்றார் கடிகாரம். "அனுப்புங்க."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம், நான் நடைபாதை பக்கம். நடுவில் சாப்பாட்டு டப்பா. காலையில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு அப்படியே இருந்தது. எங்கள் நிறுத்தம் வரும்வரை அவர் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மறுநாள் எபிசோடு டிவியில் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். நோட்டைக் கண்டதும், "அட, நம்ம மூணாவது வீடு!" என்றாள். அந்த ஷாட் வந்ததும் மடித்த துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னமா சிரிக்கிறா பாரேன் அந்தப் பொண்ணு! இப்படிச் சிரிக்கிற ஒருத்தி உனக்கு அமையக் கூடாதாடா தம்பி?"

மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். போகிற போக்கில் என் தலையில் ஒரு குட்டு. வலித்தது. ஆனால் குட்டினாரே.

திங்கட்கிழமை கம்பெனியில், யாரும் இல்லாத நேரத்தில், அறுபத்திரண்டை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். ஓடும்போது தெரியாத ஒன்று ஏழாவது படத்தில் இருந்தது. அக்கா பக்கத்தில் நிற்கிற தம்பியின் வாயை ஒரு கை பொத்தியிருந்தது. அவன் கை இல்லை. படத்துக்கு வெளியிலிருந்து நீளுகிற பெரிய ஆள் கை. நடுவிரலில் பேனா அழுத்தி அழுத்திக் காய்த்த தடிப்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார். எட்டாவது படத்தில் கை இல்லை. டிவியில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற படம். இப்படி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கப்போகிற ஒருத்திக்காக மட்டும் வரைந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். அந்த விரல்கள் அழுத்திப் பிடிக்கவில்லை. பையன் மூச்சு விட இடம் விட்டுத்தான் பொத்தியிருந்தன.